வெறும் நீர்

ஓவுலு நகரில் நவம்பர்.
மதியம் மூன்றுக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஹெல்லெவி கண்ணாடிக் குப்பியில்
வெறும் நீரை ஊற்றுகிறாள்.
இருமுறை வடித்தது, கரியில் சலித்தது,
எதுவும் இல்லை என்பதற்குச்
சாட்சி சொல்ல வேண்டிய நீர்.

கருவி சத்தமில்லாமல் கோடு இழுக்கிறது.
பதினோராம் நிமிடத்தில்
சின்னதாக ஒரு கூம்பு.

இல்லாத இடத்தில் இருக்கிறது.

முதலில் கையுறையைச் சந்தேகித்தாள்.
பிறகு மூடியை,
மூடிக்குள் ஒட்டிய வட்டத் தகட்டை,
பிறகு யல்மாரியின் சவர நுரையை.
பாவம், அவன் நான்கு நாள் தாடியோடு வந்தான்.
கூம்பு அசையவில்லை.
கிரீம் கூடாது, சென்ட் கூடாது, ஸ்பிரே கூடாது
என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.
ஒட்டிய செல்லோடேப்பை
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அதையும் பிய்த்தாள்.

தரை மெழுகு. நாற்காலி உறை. குழாயின் உட்புறம்.
துப்பறியும் கதையென்றால்
கடைசி அத்தியாயத்திலாவது ஒருவர் தலைகுனிவார்.
இங்கே எல்லாரும் வீட்டு ஆட்கள்,
எல்லார் கையிலும் கொஞ்சம்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள்.
இது வேறு நார்.
இதற்கென்று மணமில்லை,
மணத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை.
சாயங்காலத்துக்குள் லாவெண்டர் போய்விடும்.
நார்
தோலுக்குள் இறங்கியிருக்கும்.

உடம்புக்குள் எந்நேரமும்
யாரோ யாருக்கோ சொல்லி அனுப்பியபடி இருக்கிறார்கள்:
வளர். நில். இப்போது வேண்டாம். இப்போது.
குளத்தில் கரைத்த ஒரு கல் உப்பு,
அவ்வளவுதான் அந்தக் குரல்.
பழம் கேட்டவரிடம் நாம்
பலமா என்று சிரிப்போம், திருத்துவோம்.
உடம்புக்குத் திருத்தத் தெரியாது.
காதில் விழுந்ததை நம்பி
வேலையை ஆரம்பித்துவிடும்.

உறைபெட்டியில் நூற்று அறுபது பெண்களின்
விடிகாலைச் சிறுநீர்.
எல்லாரும் பிள்ளை உண்டானவர்கள்.
பெயர் கிடையாது, எண்தான்.

எழுபத்துமூன்று தொலைபேசியில் அழைத்தாள்.
அழைக்கக் கூடாது. அழைத்தாள்.
பல்பொருள் அங்காடியில் கல்லா வேலை, ஆறாம் மாதம்.
மை இல்லாமல், சூட்டில் எழுத்து முளைக்கிற
அந்த ரசீதுத் தாள்,
நாளைக்கு நானூறு கிழிக்கிறாளாம்.
"பெட்டியில் 'அது இல்லை' என்று போட்டிருக்கிறது.
அப்படியானால் என்ன இருக்கிறது?"

ஹெல்லெவிக்குத் தெரியும்.
அண்ணனை வேலையை விட்டு நிறுத்திய மறுநாளே
தம்பி
அதே சட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.
சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை.
"அடிக்கடி கையைக் கழுவுங்கள்" என்றாள்.

"எதைப் போட்டு?"

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம்
கம்பிக்குள் காற்று.

மூன்று வாரம் தேடியாயிற்று.
சுத்தமான நீர் கிடைக்காதபோது
செய்வதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது:
நீரில் வந்த அளவை
ஒவ்வொருத்தி அளவிலிருந்தும் கழித்துவிடலாம்.
தவறில்லை, எல்லாரும் செய்வதுதான்.
யல்மாரியின் நாற்காலியை,
கதவை, தரையை, குழாயை,
இந்த ஊரை
எழுபத்துமூன்றிலிருந்து கழித்தாள்.
மீதியைக் கட்டத்தில் எழுதினாள்.
அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
பின்னணி நீக்கப்பட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில்
ரொட்டி வாங்கினாள், கொஞ்சம் வெண்ணெய்.
கல்லாவில் இருந்த பெண்ணின் மார்பில்
சைமி என்று ஒரு பட்டை.
மேசை விளிம்பில் இடிக்காமலிருக்க
வயிற்றைப் பக்கவாட்டில் ஒதுக்கி உட்கார்ந்திருந்தாள்.
இவள்தானா என்று கேட்க
குரலில் ஓர் அடையாளமும் மிச்சமில்லை.

"ரசீது வேண்டாம்" என்றாள் ஹெல்லெவி,
கொஞ்சம் அவசரமாக.

அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது.
பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே
அந்தப் பெண் அதைக் கிழித்தாள்,
உள்ளங்கையில் வைத்து
நன்றாகக் கசக்கி
கூடையில் போட்டாள்.